நகரும் காட்சியிலிருந்து அச்சுக்கு ஒரு படம்

பத்திரிகையின் படப்பிரிவில் இருந்த காலத்தில், பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலிருந்து அச்சுக்குப் படம் எடுத்துத் தருவது என் வழக்கமான வேலைகளில் ஒன்றாக இருந்தது. புகைப்படக்காரர் போக முடியாமற்போன கூட்டம், காலமாகிவிட்ட ஒருவரின் பழைய பேட்டி, வேறெங்கும் படமே கிடைக்காத ஒரு முகம் என்று ஏதேனும் ஒரு தேவைக்காக வீடியோ டேப்போ டிவிடியோ மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். ஓடும்போது தெளிவாகத் தெரிந்த காட்சியை நிறுத்தினால் அதே தெளிவோடு நிற்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நிற்பதில்லை. நொடிக்குப் பல படங்கள் ஓடும்போது நம் கண் அவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. ஒரு படத்தில் உள்ள குறையை அடுத்த படம் மறைத்துவிடுகிறது. நிறுத்திய உடனே அந்தக் குறைகள் அத்தனையும் தனியாகத் தெரியத் தொடங்குகின்றன.

முதல் சிக்கல், பழைய தொலைக்காட்சி முறைகளில் ஒரு ஃபிரேம், அதாவது ஓடும் காட்சியின் ஒரு தனிப் படம், என்பது ஒரே கணத்தில் எடுக்கப்பட்ட படம் அல்ல என்பது. அவற்றில் ஒன்றான பி.ஏ.எல். முறையில், படத்தை அமைக்கும் கிடைக்கோடுகளாகிய வரிகள் மொத்தம் 625. அவற்றில் படமாகத் தெரிபவை 576. நொடிக்கு 25 ஃபிரேம்கள் என்று சொன்னாலும், ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்துதான் பதிவாகிறது: ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. பேசுபவர் கையை உயர்த்திக்கொண்டிருக்கும்போது அந்த ஃபிரேமை எடுத்தால், சட்டைக் கையின் விளிம்பு சீப்பின் பற்களைப் போலப் பிளந்து தெரியும். ஒரு வரியில் கை இங்கே இருக்கும், அடுத்த வரியில் சற்றுத் தள்ளி இருக்கும். பின்னால் உள்ள சுவரும் மேசையும் மட்டும் துல்லியமாக இருக்கும். படம் கெட்டுவிட்டதாக நினைத்து டேப்பைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. டேப்பில் பழுது எதுவும் கிடையாது. இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒரே சட்டத்துக்குள் அடைபட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய மென்பொருள்களில் டீஇன்டர்லேஸ் என்ற வசதி இருக்கிறது. ஆனால் அதற்குள் பல வழிகள் உள்ளன என்பதையும், ஒவ்வொன்றும் வெவ்வேறு விலை கேட்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. இரண்டு ஃபீல்டுகளையும் கலந்து சராசரி எடுத்தால் பற்கள் மறையும். பதிலுக்குக் கை இரண்டாகப் பேய் போலத் தெரியும். அச்சுக்கு இதைவிட மோசமான வழி இல்லை என்பது என் கருத்து. ஒரு ஃபீல்டை முழுவதும் நீக்கிவிட்டு மற்றதன் 288 வரிகளை இரட்டிப்பாக்கினால் படம் சற்று மங்கும், சாய்ந்த கோடுகள் படிக்கட்டு போலாகும். ஆனாலும் அது ஒரே கணத்தின் உண்மையான படம். யாடிஃப் போன்ற வடிகட்டிகள் அசையாத பகுதிகளில் இரண்டு ஃபீல்டுகளையும் வைத்துக்கொண்டு, அசைந்த பகுதிகளில் மட்டும் விடுபட்ட வரிகளைக் கணித்து நிரப்புகின்றன. பெரும்பாலான படங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆயினும் நான் முதலில் தேடியது வடிகட்டியே தேவைப்படாத ஃபிரேமைத்தான். மனிதர்கள் பேசும்போது இடைவிடாமல் அசைவதாகத் தோன்றினாலும், ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தால் அவர்கள் அடிக்கடி நிற்கிறார்கள் என்பது தெரியும். மேலே போன கை கீழே இறங்கத் தொடங்கும் முன் ஒரு கணம் நிற்கும். கேள்வியைக் கேட்டு முடித்து, பதிலைத் தொடங்கும் முன் முகம் முழுவதும் அசைவற்றிருக்கும். அந்த இடத்தில் கண்ணிலும் ஏதோ ஒரு கவனம் கூடியிருக்கும். இப்படிப்பட்ட ஃபிரேமில் இரண்டு ஃபீல்டுகளும் ஒன்றோடொன்று பொருந்திவிடுவதால் 576 வரிகளும் அப்படியே கிடைக்கும். உதட்டையும் பார்க்க வேண்டும். 'ம', 'ப' வரும் இடத்தில் உதடுகள் மூடி முகம் இயல்பாக இருக்கும். 'ஆ' வரும் இடத்தில் எடுத்தால் எத்தனை பெரிய அறிஞரும் கொட்டாவி விடுபவராகத்தான் பக்கத்தில் வருவார். கண் இமைப்பதோ பல ஃபிரேம்களுக்கு நீளும். பாதி மூடிய இமை திரையில் தெரியாமல் அச்சில் பளிச்சென்று தெரியும்.

ஷட்டர் வேகம் என்ற ஒன்றும் இடையில் இருக்கிறது. தொலைக்காட்சிக் கேமரா வழக்கமாக ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு நொடி வெளிச்சத்தைச் சேகரிக்கிறது. அந்த நேரத்துக்குள் நகர்ந்த எதுவும் பதிவிலேயே குழம்பிவிடுகிறது. டீஇன்டர்லேஸ் செய்தாலும் கூர்மைப்படுத்தினாலும் அது திரும்ப வராது. நல்ல வெயிலில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்த விளையாட்டுப் பதிவுகளில் மட்டும், ஓடுபவரின் கால் நரம்பு வரை தெளிவாக ஒரு ஃபீல்டில் கிடைப்பதுண்டு.

வீடுகளில் புழங்கிய வி.எச்.எஸ். வீடியோ டேப்புகள் தனி உலகம். அவற்றில் ஒளிர்வுச் சமிக்ஞையின் அலைவரிசை அகலம் ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ்தான். கிடைவாட்டில் சுமார் 240 கோடுகளுக்கு மேல் நுணுக்கம் கிடைக்காது. இந்த நிலையில் டேப்பை நிறுத்திப் படமெடுப்பது இருப்பதையும் கெடுப்பதாகும். டேப் ஓடும்போது, அதை எழுதவும் படிக்கவும் செய்யும் சுழலும் ஹெட் எந்தச் சாய்வில் தடத்தை எழுதியதோ அதே சாய்வில் படிக்கிறது. டேப் நின்றுவிட்டால் ஹெட் போகும் பாதையின் சாய்வு மாறிவிடும். பக்கத்துத் தடத்தையும் தொட்டுக்கொண்டு போவதால் திரையின் குறுக்கே இரைச்சல் பட்டை விழும். ஒரே இடத்தில் ஹெட் திரும்பத் திரும்பத் தேய்ப்பதால் டேப்புக்கும் கேடு. ஆகவே டேப்பை இயல்பான வேகத்தில் ஓடவிட்டு, கூடுமானவரை வரிகளின் நேரப் பிசகைத் திருத்தும் டைம் பேஸ் கரெக்டர் வழியாக முழுவதையும் கணினியில் ஏற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஃபிரேமைத் தேடுவேன். அந்தக் கருவி இல்லாத பதிவுகளில் வரிகள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாகத் தொடங்குவதால், கதவு நிலை போன்ற நேர்க்கோடுகள் நெளிந்து காணப்படும்.

மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகிறோமோ அவ்வளவு நல்லது என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 1969ஆம் ஆண்டின் அப்பல்லோ 11 ஒளிபரப்பு. நிலவிலிருந்து வந்த சமிக்ஞை 320 வரிகள், நொடிக்கு 10 ஃபிரேம்கள் என்ற சிறப்பு முறையில் இருந்தது. அதை வழக்கமான ஒளிபரப்பு முறைக்கு மாற்றுவதற்கு, தரைநிலையத்தில் ஒரு திரையில் காட்டி அந்தத் திரையை இன்னொரு டிவி கேமராவால் படம் பிடித்தார்கள். உலகம் பார்த்த மங்கலான காட்சி அதுதான். மாற்றத்துக்கு முந்தைய திரையைத் தரைநிலையத்தில் சாதாரண கேமராவால் எடுத்து வைத்த படங்களில் இதைவிடக் கூடுதல் நுணுக்கம் தெரிகிறது. நகலின் நகலாக வந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தெளிவான படம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பதும், இதன் முதல் பதிவு யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.

டிவிடியும் டிஜிட்டல் ஒளிபரப்பும் வந்த பிறகு இரைச்சல் பட்டை போய்விட்டது, சுருக்கத்தால் விழும் சதுரக் கட்டங்கள் வந்தன. டிவிடியின் சுருக்க முறையான எம்பெக் 2 முறையில் எல்லா ஃபிரேம்களும் முழுமையாகச் சேமிக்கப்படுவதில்லை. ஐ ஃபிரேம் மட்டுமே தனித்து முழுமையாக நிற்பது. இடையில் உள்ள மற்றவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்போடு உருவாக்கப்படுபவை. பெரும்பாலும் அரை நொடிக்கு ஒன்றாவது ஐ ஃபிரேம் வந்துவிடும் என்பதால், முகபாவம் ஒன்றுபோல இருக்கும் சில ஃபிரேம்களை ஒப்பிட்டுப் பார்த்தால் அவற்றில் ஒன்று கன்னத்தின் மேல் கட்டம் குறைந்து, தலைமுடி இழை கூடித் தெரியும். காட்சி மாறிய உடனேயோ கேமரா பிளாஷ்கள் மின்னும்போதோ எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். எடுத்ததை ஜேபெக் கோப்பாகச் சேமித்து இன்னொரு சுருக்கத்தை ஏற்றக்கூடாது, தரம் இழக்காத பி.என்.ஜி.யாக வைத்துக்கொள்வதே நல்லது.

அளவு விகிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டிவிடியில் படம் 720×576 பிக்சல்களாக இருக்கும், ஆனால் அந்தப் பிக்சல்கள் சதுரமல்ல. நான்குக்கு மூன்று விகிதப் படமானால் அகலத்தை 768 ஆக்க வேண்டும்; செய்யாவிட்டால் முகம் ஒடுங்கிவிடும். அமெரிக்காவில் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறையின் 720×480 கோப்பில் இதற்கு நேர்மாறாக முகம் பருத்துத் தெரியும்.

அசையாத காட்சிகளில் மட்டும் ஒரு சலுகை உண்டு. கேமராவும் அசையாமல், காட்டப்படுவதும் ஒரு பழைய ஆவணமோ புகைப்படமோ என்றால், அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கலாம். இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறாக இருப்பதால் அது கரைந்துவிடும், படம் நிற்கும். நான்கு ஃபிரேம்களை அடுக்கினால் இரைச்சல் பாதியாகும். மங்கிப்போன கடிதம் ஒன்றில் இரைச்சலுக்குள் மூழ்கியிருந்த கையெழுத்து இப்படி அடுக்கிய பிறகு படிக்கக் கிடைத்தது, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த அனுபவம்.

கடைசியில் வரும் வாக்குவாதம் எப்போதும் அளவைப் பற்றியதுதான். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 768 பிக்சல் அகலமுள்ள படம் அச்சில் ஆறரை சென்டிமீட்டர்தான் வரும்; 1920 பிக்சல் அகலமுள்ள எச்.டி. படம்கூடச் சுமார் பதினாறு சென்டிமீட்டர்தான் வரும். ஷார்ப்பனை ஏற்றினால் பெரிதாக்கலாம் என்று நினைப்பவர்கள், கேமராவிலேயே விளிம்புகள் ஏற்கெனவே கூர்மைப்படுத்தப்பட்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள். மேலும் ஏற்றினால் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் தடிக்கும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இதைவிட அழகாகச் செய்கின்றன, ஆனால் அவை பதிவில் இல்லாத இமை மயிரையும் பல் வரிசையையும் தாமாக வரைந்து சேர்க்கின்றன. மறைந்த ஒரு மூத்த கலைஞரின் பேட்டியிலிருந்து எடுத்த படத்தை முழுப்பக்கத்துக்கு வேண்டும் என்று கேட்டபோது, அப்படிப் பெரிதாக்கிய ஒன்றையும் ஃபிரேமில் கிடைத்தபடியே ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அந்தக் கலைஞரை நேரில் பலமுறை பார்த்திருந்த உதவி ஆசிரியர் ஒருவர் பெரிய படத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது அவருடைய தம்பி மாதிரி இருக்கிறதே" என்றார். சின்னப் படமே இரண்டு பத்தி அகலத்தில் போனது.