தங்கக் குடத்துக்குப் பின்னால்

இந்த வருஷம் கோடை எங்கள் வீட்டில் எதையும் நேரத்துக்கு நடக்கவிடவில்லை. பேரன்கள் வந்திருந்தார்கள். பாதி ராத்திரி வரை மொட்டை மாடியில் பேச்சு, எட்டு மணிக்கு விடியல். அவர்கள் கிளம்பி, ஆவணியும் புரட்டாசியும் போன பிறகும் எனக்கு அந்தச் சோம்பல் விடவில்லை. விளக்கேற்றவே ஏழாகிவிடும். "ஐப்பசி பிறந்ததும் வா, பத்து நாள் என்னோடு காவிரியில் முழுகு" என்றாள் ஸ்ரீரங்கத்து அக்கா.

பள்ளிப் புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று படித்தோம். நம் வேப்பமரம் இலை கொட்டுவதோ பங்குனி வாக்கில்! நமக்கு வெயில் முடிவது ஐப்பசியில்தான். அந்தப் பருவத்துக்குப் பெயரே கூதிர், குளிர்காலம்.

அரங்கனுக்கும் இந்த மாதம் நடைமுறை மாறுகிறது. மற்ற மாதங்களில் திருமஞ்சனத் தீர்த்தம் வடக்கே கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் போகும். துலா மாதமான ஐப்பசியில் மட்டும் தெற்கே காவிரி, அம்மா மண்டபம் படித்துறை, தங்கக் குடம். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் படுத்திருப்பவர், இரண்டுக்கும் முறை வைத்திருக்கிறார்.

முதல் நாள் நாலரைக்கு அக்கா எழுப்பியபோது அழுகையே வந்தது. படி வழுக்கியது. கலங்கல் தண்ணீரில் கால் வைத்தபோது இருந்த குளிர், மூன்றாவது முழுக்கில் காணாமல் போனது. தலை துவட்டுவதற்குள் நாதஸ்வரம் கேட்டது. யானை மேல் பட்டர், அவர் மடியில் தங்கக் குடம். பின்னாலேயே நடந்தோம். அம்மா மண்டபம் சாலையில் டீக்கடைக்காரர் பாய்லரை விட்டு வெளியே வந்து கும்பிட்டார். எனக்கு முன்னால் யானையின் பின்னங்கால். ஒவ்வொரு அடிக்கும் தார் ரோட்டில் தாம்பாளம் அளவுக்கு ஈரத் தடம். அதை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில், ராஜகோபுரம் வந்ததே தெரியவில்லை.

சன்னதியில் கிடைத்தது அரை நிமிஷம். திருவடி மட்டும் பார்த்தேன். முகத்துக்குப் போவதற்குள் "நகருங்கோ" என்றுவிட்டார்கள். அடுத்த நாள் முகம். இப்படித் தவணையில்தான் சேவித்தேன்.

நாலாம் நாள் அக்கா எழுப்பவில்லை, நானே எழுந்துவிட்டேன். ஆறாம் நாள் அடைமழை. குடையோடு போய் நனைந்தே வந்தோம். ஐப்பசியில் எதுவும் காய்வதில்லை. கொடியில் நேற்றைய ஈரப் புடவையைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இன்றையதையும் போட்டேன்.