முன்பணம் கொடுக்கும் முன் வீட்டை ஆய்வுக்கு விட்ட கதை

வீடு பிடித்துப்போனதும் பத்திரங்களை வக்கீலிடம் கொடுத்துவிட்டோம். பத்திரம் பார்க்க ஆள் வைப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. சுவரைப் பார்க்க ஆள் வைக்கிறேன் என்றால்தான், "நமக்குக் கண் இல்லையா, எதுக்கு வீண் செலவு?" என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். ஆனால் அது கட்டிப் பல வருடம் ஆன வீடு; விற்பனைக்கென்றே புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயின்ட்தான் உறுத்தியது.

புரோக்கர் உடனே தனக்குத் தெரிந்த ஒருவரைச் சொன்னார். வேண்டாம் என்றேன். வீடு கைமாறினால்தான் புரோக்கருக்குக் கமிஷன். அவர் தயவில் வேலை வாங்குகிறவர் அந்த வியாபாரம் கெடும்படி எழுதத் தயங்குவார். ஆளைக் குறை சொல்லவில்லை, ஏற்பாடே அப்படி. இன்னொருவர், ஆய்வில் வரும் ரிப்பேரையெல்லாம் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். குறை அதிகமானால் அவருக்கு வேலை அதிகம். அவரையும் விட்டுவிட்டேன்.

பேசியவர்களிடமெல்லாம் ஒன்றுதான் கேட்டேன்: பெயர், முகவரியை மறைத்துவிட்டு, முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா? ஒருவர் அனுப்பியது 'நன்று', 'சுமார்' என்று டிக் அடித்த தாள். நான் வைத்துக்கொண்டவரின் அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் படம் இருந்தது. எந்த இடம், என்ன காரணமாக இருக்கலாம், அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் 'பார்க்க முடியாத இடங்கள்' என்று தனியாக ஒரு பகுதி. அதைப் படித்ததுமே இவர்தான் என்று தீர்மானித்துவிட்டேன். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்கிறவரை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வருவதாகச் சொன்னார். கரன்ட், தண்ணீர் இரண்டும் இருக்க வேண்டும், மாடிச் சாவி வேண்டும், நானும் கூடவே இருக்க வேண்டும் என்றார். வந்ததும் உள்ளே நுழையவில்லை. வெளியே சுற்றி வந்து, மழைத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிறதா, சுவரடியில் தேங்குகிறதா என்று பார்த்தார்.

நான் பயந்துகொண்டிருந்த விரிசல் ஹாலில் இருந்தது. தூணும் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழே நேர்கோடாக இறங்கியது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காங்கிரீட்டும் செங்கலும் சூட்டுக்கு ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் அங்கே பூச்சு பிரிவது சகஜம் என்றார். அவர் தேடியது வேறு: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் வரிசையில் படிப்படியாக ஏறுவது. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால் அப்படி வரும். பின்னறை ஜன்னலோரம் அப்படி ஒன்று இருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தார், 1 மில்லிமீட்டருக்குள்தான். 5 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடாமல் மேலே போகக் கூடாது என்றார். இதை இப்போது எவ்வளவு இருக்கிறதோ அப்படியே படம் எடுத்து வைத்து, வளர்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். 'டங் டங்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டொப்' என்று மாறியது. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். காங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிவிடும். பெயின்ட் அடித்தவர் அதன் மேலும் அழகாகவே அடித்திருந்தார்.

மெயின் போர்டில், மின்கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டினால் துண்டிக்க வேண்டிய பிரேக்கர் இருந்தது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. சமையலறை பிளக்கில் மூன்று துளைகளும் இருந்தன, எர்த் மட்டும் வரவில்லை. இவையெல்லாம் சுலபமாகச் சரிசெய்யக்கூடியவை.

அறிக்கை வந்ததும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். இரண்டு இடங்கள் குறித்திருந்தார்: பூட்டிய பரண், படுக்கையறையில் பாத்ரூமை ஒட்டிய சுவரில் நின்ற பீரோவின் பின்பக்கம். "சார், அந்த பீரோவை மட்டும் நகர்த்தச் சொல்லுங்க, நான் திரும்ப வந்து பார்க்கிறேன்" என்றார். விற்பவர் முனகினார், புரோக்கருக்கு எரிச்சல். கடைசியில் நகர்த்தினார்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் இல்லை. பூச்சு உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

ஈரம் பார்க்கும் கருவி உப்பிருக்கும் சுவரில் கூட்டிக் காட்டுமாம். அதனால் முதலில் வந்த எண்ணை வெறுமனே குறித்து வைத்துக்கொண்டார். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தார், ஓடவில்லை. ஆக, தண்ணீர் வரும் குழாயில் கசிவு இல்லை. பிறகு பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி, ஒரு இரவு விட்டார். காலையில் சுவரில் ஈர அளவு ஏறியிருந்தது. கோளாறு தரையில்: டைல்ஸுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது.

"வாங்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அதை நான் சொல்ல மாட்டேன் சார். என்ன இருக்கு, சரிபண்ண என்ன ஆகும்கிற வரைக்கும்தான் என் வேலை" என்றுவிட்டார். அப்போது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால் அதுதான் நியாயம்.

அறிக்கையோடு வேறொரு கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கிக்கொண்டு பேரத்துக்கு உட்கார்ந்தோம். விற்பவர் தானே பாத்ரூமைச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே டைல்ஸ் ஒட்டியபின் அடியில் என்ன செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? விலையைக் குறைக்கச் சொன்னேன். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு குறைத்தார், ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டோம். விலையில் குறைந்த தொகைக்கு முன்னால் ஆய்வுக் கட்டணம் ஒன்றுமே இல்லை. வீடு கைக்கு வந்தபின் தரையைப் பெயர்த்து வேலை செய்தோம். டைல்ஸ் ஒட்டும் முன் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதித்தோம். அதற்கும் ஆய்வு செய்தவரையே வரவழைத்தோம்.

பரணுக்குச் சாவி கிடைக்கவே இல்லை. கரையான் இருந்தால் நம் தலையில்தான் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம். குடிபோகும் முன் பூட்டை உடைத்துத் திறந்ததில், மரச்சட்டத்தில் பழைய மண்கோடு ஒன்று ஓடியிருந்தது. சுரண்டினால் உதிர்ந்தது, உள்ளே பூச்சி இல்லை. இருந்தாலும் மருந்தடித்துவிட்டோம்.