கேபின் உட்கூரை: ஆறு பலகைகளில் நான்கு ஏறிவிட்டன

படகுக்கு 30 வயதுக்கு மேல் ஆகிறது. ஃபைபர் உடம்பு இன்னும் கல் மாதிரி இருக்கிறது. உள்ளே போய்ப் படுத்து அண்ணாந்து பார்த்தால்தான் மனசு கெட்டுப்போகும். உட்கூரைப் பலகைகளில் ஒட்டியிருந்த ரெக்சின் பை பையாகத் தொங்கியது. கை பட்டால் மஞ்சள் தூள் கொட்டியது. ரெக்சினுக்குப் பின்னால் இருந்த ஸ்பாஞ்ச்தான் அந்தத் தூள். பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் வருஷக்கணக்கில் கிடந்தால் இப்படித்தான் பொடிந்துபோகும். முதலில் ஊசி வழியாகப் பசை ஏற்றிப் பார்த்தேன். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பசை பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லையே.

சரி, மொத்தமாகக் கழற்றிவிடலாம் என்று இறங்கினேன். பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, முகமூடி, கண்ணாடி போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் எண்ணும், படகின் முன்பக்கம் காட்டும் அம்புக்குறியும் போட்டேன்.

மூன்றாவது பலகையில் வேலை நின்றது. ஒரு மூலை கறுத்து, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ஒழுக்கு! இதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பலகை ஏற்றுவது வீண். கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பக் கூடாது. தண்ணீர் பலகையைத் தாங்கும் ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டே வெகு தூரம் ஓடும். மேல்தளத்து போல்ட்டுகளின் நட்டு ஒவ்வொன்றையும் சுற்றி டிஷ்யூ பேப்பர் ஒட்டினேன். தம்பி மேலே தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி மெதுவாகத் தண்ணீர் விட்டான். நான் டார்ச்சோடு கீழே படுத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து, கைப்பிடிக் கம்பியின் இரண்டாவது நட்டுப் பக்கம் டிஷ்யூ மெல்லக் கருத்தது. கறைக்கும் அதற்கும் ஒரு முழ தூரம்.

போல்ட்டைக் கழற்றியபோது, மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்திருந்த பால்சா என்ற லேசான மரம் ஈரச் சக்கையாக வந்தது. நல்ல மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, இரண்டு வாரம் காயவிட்டு, கெட்டியாகக் கலந்த எபாக்சிப் பிசினால் அடைத்தேன். அந்த எபாக்சிக்குள்ளேயே புதுத் துளை போட்டேன். இனி தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. துளையின் மேல்விளிம்பைச் சற்று அகலமாகச் சரித்துவிட்டு, அதில் பிசுபிசுப்பான ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப்பைச் சுற்றி போல்ட்டை இறுக்கினேன். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இந்த ஒரு துளைதான்.

அப்புறம் பலகைகள். பிவிசி பலகையையும் யோசித்தேன். மக்காது, எடையும் குறைவு. ஆனால் 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டருக்கு 2 மி.மீ. அளவுக்கு நீளும், இடைவெளி விடாவிட்டால் புடைத்துக்கொள்ளும். அதனால் 4 மி.மீ. பிளைவுட்டே எடுத்தேன். பழையதை மேலே வைத்து வரைந்து வெட்டி, விளிம்புகளுக்கு இரண்டு கை எபாக்சி பூசினேன். முதல் பலகை உட்காரவில்லை. புது ரெக்சின் பழையதைவிடத் தடிமன். மடிப்பு நான்கு பக்கமும் இடத்தைத் தின்றுவிட்டது. சுற்றிலும் 2 மி.மீ. இழைத்த பிறகு அமர்ந்தது.

மூடிய கேபினுக்குள் சூடு பழுக்கும் என்பதால், சூடு தாங்கும் கான்டாக்ட் பசைதான் வாங்கினேன். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக்கொண்டே போனேன். மூலைகளில் ரெக்சினை வி வடிவில் நறுக்கினால் மடிப்பு புடைக்காது. பின்களும் ஸ்குருக்களும் எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய பின்கள் துருவேறி ரெக்சினையே கிழித்திருந்தன.

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன், அந்த நட்டைச் சுற்றிய டிஷ்யூ காய்ந்தே இருந்தது. இருந்தாலும் மூன்றாவது பலகையை இன்னும் இரண்டு மழை பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன்.