ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிய நாள்

2008இல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வேலையோ, காலையிலிருந்து இரவு வரை பையர்களுக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு, ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது. பயத்தில் ஒரு குயர் நோட்டு வாங்கினேன். லிஃப்கோ அகராதியை வைத்துக்கொண்டு, இடப்பக்கம் ஆங்கில வினைச்சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று தினம் பத்து எழுதுவேன். 'அபேட்', 'அப்ஹார்' என்று ஏ வரிசையில் தொடங்கி, டி வரிசைக்கு வந்தபோது 'டிப்ளோர்' கிடைத்தது. அந்த வாரமே சாயப்பட்டறையிலிருந்து துணி வர இரண்டு நாள் தாமதம். 'வி டிப்ளோர் த டிலே' என்று எழுதி அனுப்பினேன். குண்டுவெடிப்புக்குப் பிறகு 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று அமைச்சர்கள் அறிக்கை விடுவார்களே, அந்த இடத்துச் சொல் அது. பையர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. புதுத் தேதி என்ன என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். எனக்கு வெட்கம்கூட வரவில்லை. பெரிய சொல்லைப் போட்டுவிட்ட பெருமை.

வெட்கம் அடுத்த வருடம் வந்தது. வட்டக் கழுத்து டி-ஷர்ட், 6,000 பீஸ் ஆர்டர். சரக்கு போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, துவைத்த பிறகு கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டி, தொளதொளவென்று ஆகிவிடுகிறது என்று பையரிடமிருந்து புகார். 1,100 பீஸுக்கு நஷ்ட ஈடு கேட்டிருந்தார்கள். மெயில் வந்து சேர்ந்தது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. தமிழில் மனதுக்குள் 'உங்கள் புகாரை ஏற்றுக்கொண்டோம், சரிபார்த்துச் சொல்கிறோம்' என்று ஓடியது. அதை அப்படியே 'வி அக்செப்ட் யுவர் க்ளெய்ம் அண்ட் வில் செக்' என்று அடித்துவிட்டேன்.

நான்கு நாளில் டெபிட் நோட் வந்தது, நஷ்ட ஈட்டை எங்கள் பணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்று சொல்லும் சீட்டு. கூடவே என் வரி, மஞ்சள் பூசி.

எங்கள் அணியில் சீனியர் ஒரு அக்கா. இருபது வருடம் இதே வேலையில் இருப்பவர். பிரிண்ட் எடுத்து என் முன்னால் வைத்தார். திட்டவில்லை. "ஏங்கண்ணு, லெட்டர் வந்துச்சுன்னு சொல்றதும், தப்பு எங்களுதுன்னு சொல்றதும் ஒண்ணா?" என்றார். நான் "இல்லைங்க அக்கா" என்றேன். "அப்ப ஏன் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை போட்ட?"

அவர் ஒரு பழைய சலானின் பின்பக்கத்தில் நான்கு சொற்களை எழுதினார். அக்னாலெட்ஜ், அட்மிட், கன்சீட், அக்செப்ட். தமிழில் நாலுக்குமே 'ஏற்றுக்கொள்' அல்லது 'ஒத்துக்கொள்' என்று என் நோட்டில் இருந்தது. அக்கா சொன்ன கணக்கு வேறு. அக்னாலெட்ஜ் என்றால் மெயிலைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுவது, காசு போகாது. அட்மிட் என்றால் நடந்த தப்பு என்னுடையது என்று வாயால் சொல்வது. கன்சீட் என்றால் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிவிட்டு, சரி, இந்த ஒரு விஷயத்தில் நீ சொல்வது சரி என்று விட்டுக்கொடுப்பது. க்ளெய்மை அக்செப்ட் செய்தால் பில்லை அனுப்பு என்று அர்த்தம்.

பிறகு விசாரித்ததில், பையர் தரப்பில் அந்தத் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லும் கேர் லேபிளில் நாங்கள் போட்டிருந்தது 30. முழுக்க எங்கள் தவறு இல்லை. ஆனால் நான் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டேனே. முதலாளி போனிலேயே ஒரு மணி நேரம் பேசி, பாதிப் பாதி என்று முடித்தார். அந்த மாதம் முழுக்க அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குயர் நோட்டை அதோடு நிறுத்தினேன். அகராதி வரிசையில் போவதை விட்டு, எனக்கு வரும் மெயில்களிலிருந்து வினைச்சொல்லை அது இருந்த முழு வாக்கியத்தோடு எழுதி வைக்க ஆரம்பித்தேன். அந்தச் சொல்லால் வேலை யார் தலையில் விழுந்தது, காசு யார் பையிலிருந்து போனது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பு. சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதும் அதில்தான் தெரிந்தது. 'டிஸ்கஸ்' செய்தால் பின்னாலேயே 'அபௌட்' போடக்கூடாது, 'இன்ஃபார்ம்' என்றால் யாருக்கு என்பது 'டு' இல்லாமல் நேராக வரவேண்டும். இதெல்லாம் எந்தப் பத்துச் சொல் பட்டியலிலும் இல்லை.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் கழிவுநீர் கலப்பதை நிறுத்தாததால் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பையர்களுக்கு என்ன எழுதுவது? 'ஸ்டாப்' என்றால் கதை முடிந்தது என்று ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார்கள். 'சஸ்பெண்ட்' என்றால் நிறுத்தி வைத்திருக்கிறோம், திரும்பத் தொடங்கும் என்று பொருள். எங்கள் ஆபீஸில் சஸ்பெண்ட் என்றால் ஆளை வேலையிலிருந்து நிறுத்துவது என்று மட்டுமே நினைத்திருந்ததால், அதைப் போட முதலாளிக்கு மனமே வரவில்லை. அக்காதான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

வெளி மாநிலத்துக்குத் துணியை அனுப்பிச் சாயம் போட்டோம், செலவு ஏறியது. அப்போது ஒரு பையர், 'வில் யூ ஆனர் த ப்ரைஸ்?' என்று கேட்டார். ஆனர் என்றால் மரியாதை. விலைக்கு எதற்கு மரியாதை என்று நிஜமாகவே பத்து நிமிடம் குழம்பினேன். பேசின விலையிலிருந்து மாறாமல் கொடுப்பாயா என்பதுதான் கேள்வி. வாக்குத் தவறாமல் இருப்பதும் ஆனர்தான். பள்ளியில் படித்த ஆறெழுத்துச் சொல்.

இந்த மாதிரிச் சின்னச் சொற்கள்தான் என்னை அதிகம் கவிழ்த்திருக்கின்றன. இன்னொன்று 'டேபிள்'. அமெரிக்க பையர் ஒருவர் 'லெட்ஸ் டேபிள் த நேவி ஃபார் நௌ' என்று எழுதினார். நம் நாடாளுமன்றத்தில் அறிக்கையை டேபிள் செய்தார்கள் என்றால் அவை முன் வைத்தார்கள் என்று அர்த்தம், பிரிட்டிஷ் வழக்கு அது. அமெரிக்கர்களுக்கு டேபிள் செய்வது என்றால் இப்போதைக்குத் தள்ளிப்போடுவது. நேர் எதிர். நேவி நிறத்தை முதலில் எடுக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு 320 கிலோ துணிக்குச் சாயம் போட்டுவிட்டோம். அது ரொம்ப நாள் குடோனில் கிடந்தது.

தள்ளிப்போடுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்', 'புட் அப் வித்' என்று வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிப் பொருளையே மாற்றிவிடுபவை எனக்கு நெடுநாள் தலைவலி. 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டவருக்கு மிகக் கஷ்டமானது இதுதான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். படித்தபோது ஆறுதலாக இருந்தது. நாமும் சும்மா இல்லை: சொல்லிப்பார்த்தேன், சொல்லிவைத்தேன், சொல்லிவிட்டேன், சொல்லித்தொலைத்தேன். நான்கிலும் நடந்தது வேறு வேறு. இதை ஒரு பையருக்கு எப்படி விளக்குவது?

இப்போது என்னிடம் மூன்று ஜூனியர்கள். மெயிலை மென்பொருளே திருத்திக் கொடுக்கிறது, இலக்கணம் சுத்தம், சொல் எல்லாம் பளபளப்பு. போன வாரம் ஒரு பெண் எழுதிய மெயிலில் 'வி வில் என்ஷூர் டிஸ்பேட்ச் ஆன் ஃப்ரைடே' என்று இருந்தது. "யார் என்ஷூர் பண்றாங்கம்மா?" என்று கேட்டேன். விழித்தாள். சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டருக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்தேன். பாய்லர் ரிப்பேர், வெள்ளிக்கிழமை உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். போனை வைத்துவிட்டு வந்து என்ஷூரை அடித்துவிட்டு 'எக்ஸ்பெக்ட்' என்று போட்டாள். கொஞ்சம் யோசித்து வெள்ளியையும் அடித்துவிட்டுத் திங்கள் என்று மாற்றினாள்.

லாரி செவ்வாய் மதியம்தான் கிளம்பியது.