குமரி மாவட்டத்தில் மரமேறுகிறவர்களோடு

நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகப் போக, வீட்டுக்கும் மரத்துக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வரும். தக்கலை தாண்டிக் கருங்கல் பக்கம் போனால், ஓட்டுக்கூரைக்கு மேலேயே, பலா இனத்து மரமான அயினி கிளை விரித்து நிற்கிறது. பலா கிணற்றை மூடுகிறது. மதிலை ஒட்டித் தென்னை, விளை என்று இங்கே சொல்கிற தோட்டத்தின் ஓரத்தில் பனை. இத்தனை மரத்துக்கும் யாராவது ஏறித்தானே ஆகவேண்டும்? தேங்காய் வெட்டுகிறவர், அக்கானி என்கிற பதநீர் இறக்குகிறவர், வீட்டின் மேல் சாய்ந்த மரத்தைத் துண்டு துண்டாக இறக்குகிறவர் என்று மரமேற்றமே இங்கே பல தொழில். பொங்கலுக்கு நண்பன் வீட்டுக்குப் போனபோது இவர்களோடு கொஞ்சம் சுற்றக் கிடைத்தது.

பொங்கலை ஒட்டி இங்கே ஊருக்கு ஊர் விளையாட்டு விழா நடக்கும். நான் பார்த்த ஊரில் கடைசிப் போட்டி வழுக்குமரம். நெட்டைக் கமுகு ஒன்றை வழவழவென்று சீவி நட்டு, மேலிருந்து கீழ்வரை எண்ணெயும் கிரீசும் பூசியிருந்தார்கள். உச்சியில் பரிசுப்பணம். முதலில் தனியாகப் பாய்ந்தவர்கள் ஆளுயரம் போவதற்குள் சறுக்கி வந்தார்கள். அவர்களால் கிடைத்த பலன், அடிப்பக்கத்துக் கிரீசு அவர்கள் உடம்போடு போனதுதான். அப்புறம் அணிகள் வந்தன. ஒருவர் தோளில் ஒருவர், அவர் தோளில் இன்னொருவர். மேலே நின்றவன் தலைத்துண்டால் மரத்தைத் துடைத்துத் துடைத்து ஏறினான். கீழே நின்றவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணுக்குள் எண்ணெய் வழிந்தது, மனிதர் அசையவில்லை.

பணத்தை எடுத்த பையனைத்தான் கூட்டம் தூக்கிக் கொண்டாடியது. நான் கீழே நின்றவரிடம் பேசப் போனேன். அந்த அணியில் மரமேற்றத்தைத் தொழிலாகச் செய்கிறவர் அவர் ஒருவர்தானாம். "அப்ப நீங்கதானே அண்ணே மேல போயிருக்கணும்?" என்றேன். "மேல போக எடை கொறஞ்ச பய போதும். கீழ நிக்கிறவன் அசைஞ்சா எல்லாம் போச்சு" என்றார். மறுநாள் ஓர் அயினி இறக்கப் போவதாகவும், வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அந்த அயினி ஒரு வீட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவே நின்றது. அடியில் வெட்டினால் விழ இடமே கிடையாது. மின்சார இணைப்பைத் துண்டித்த பிறகு, அண்ணனுடைய தம்பி வெறுங்காலோடு ஏறினார். இடுப்பில் கயிறு, அதில் வெட்டுக்கத்தி. வெட்டப்போகும் கிளையில் முதலில் வடத்தைக் கட்டி, அதை மேலே கிளை பிரியும் ஒரு கவையில் போட்டுக் கீழே விட்டார். அண்ணன் அதை மரத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கிளை முறிந்ததும் அதன் எடை முழுவதும் ஒரு நொடி அந்தச் சுற்றில் வந்து விழும். இறுக்கிப் பிடித்தால் கிளை ஊசலாடி ஓட்டில் மோதும். விட்டுவிட்டால் நேராகக் கீழே. இரண்டுக்கும் நடுவில், மரப்பட்டையில் வடம் உரசும் சத்தத்தைக் கேட்டே அவர் தளர்த்திக் கொடுத்தார். "விடட்டா?", "கொஞ்சம் பொறு", "சரி, விடு". அதற்கு மேல் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. மத்தியானத்துக்குள் கிளை எல்லாம் தரைக்கு வந்துவிட்டது. ஓர் ஓடு உடையவில்லை.

ஒக்கிப் புயலைப் பற்றி அவர்களாகவே பேசினார்கள். 2017 நவம்பர் 30. ரப்பரும் தென்னையும் வாழையும் மாவட்டம் முழுக்கச் சாய்ந்தன, சாலைகள் அடைபட்டன, மின்சாரம் வர நாள்கணக்கானது. விழுந்த மரத்தை அறுப்பது நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தாம். எந்தக் கிளை எதை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அறுக்கும் வாளை வைத்தால் அது வில்லாக நிமிர்ந்து அடித்துவிடும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஹேவர்ட் என்ற ஊரில் 1960 முதல் மரவெட்டிகளுக்கான உலகப் போட்டி நடக்கிறது. அதில் 60 அடி, 90 அடிக் கம்பங்களில் ஓட்டமாக ஏறி இறங்க வேண்டும். பூட்ஸில் கட்டிய இரும்பு முள்ளைக் கம்பத்தில் குத்தி, சுற்றிப் போட்ட கயிற்றை மேலே மேலே எற்றிக்கொண்டே போகிறார்கள். 60 அடியை 15 வினாடிக்குள் ஏறி இறங்கியவர்கள் இருக்கிறார்கள். நான் காட்டிய காணொளியில் இதைப் பார்த்த தம்பி அசந்துபோனார். ஆனால் உடனே கேட்டார்: "இந்த முள்ள வச்சு உயிர்மரத்துல ஏறுவாவளா?" சரியான கேள்வி. அங்கேயும் மரப் பராமரிப்பு செய்கிறவர்கள் வெட்டி இறக்கப்போகும் மரத்தில்தான் முள் போடுவார்கள், வாழும் மரத்தில் போடக் கூடாது என்பது தொழில் ஒழுங்கு. தென்னையில் படி வெட்டக் கூடாது என்று இங்கே சொல்வதும் அதனால்தான். காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட்டுவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மரப் பராமரிப்பாளர்களுக்கென்றே 1976-இல் தொடங்கிய சர்வதேச மரமேறும் போட்டி. அதிலும் வேகம் உண்டு. கூடவே, மரத்தின் பல இடங்களுக்குப் போய் வேலை செய்துகாட்டும் பிரிவும், மேலே அடிபட்டுக் கிடப்பவரைப் பத்திரமாக இறக்கும் மீட்புப் பிரிவும் உண்டு. ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்திருப்பார்கள். நம் பொங்கல் விழாக்களில் இப்படி ஒன்றைச் சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வடமும் ஆளும் ஊரிலேயே இருக்கின்றன. இப்போது ஒருவர் மேலே மயங்கிவிட்டால் தீயணைப்பு வண்டி வரும்வரை எல்லாரும் அண்ணாந்து பார்த்து நிற்கிறோம்.

பனையேறி ஒருவரையும் பார்த்தேன். தை மாதம், அக்கானி இறக்க மரத்தை ஒருக்கும், அதாவது தயார்செய்யும் காலம். முருக்குத்தடியைப் பனையில் சாய்த்து அதில் மிதித்து ஏறி, இரண்டு காலையும் சேர்த்து மாட்டும் வளையமான திளாப்போடு நெஞ்சை மரத்தில் அணைத்து உந்தி உந்திப் போனார். காலை, மாலை என்று தினமும் ஏற வேண்டும். பாளையை மெல்லியதாகச் சீவாமல் விட்டால் ஊற்று அடைத்துவிடும். தடி பிடிக்கவோ வடம் தளர்த்தவோ கீழே யாரும் கிடையாது. தென்னைக்காவது கருவி வந்துவிட்டது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியில் அதை வைத்து ஏறக் கற்றுக் கொடுத்தார்கள். இந்தப் பனையேறிக்கு இன்னமும் திளாப்புதான். மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. மரம் சும்மா நிற்பதில்தான் வருத்தம்.

போக நினைப்பவர்கள் மார்ச், ஏப்ரலில் போங்கள். பொங்கலில் அக்கானி சரியாகத் தொடங்கியிருக்காது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போனால், இறக்கிய சூட்டோடு பனையேறியிடமே வாங்கிக் குடிக்கலாம். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுங்கள்.