உப்பு தின்ற இன்ஜின்: பாய்மரப் படகின் பழைய யான்மாரை இறக்கிக் கட்டுவது

பழைய பாய்மரப் படகு வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "ரிங் மாத்தணுமா, போர் அடிக்கணுமா?" லாரிப் பட்டறையிலிருந்து வந்த கேள்வி அது. ('போர் அடிப்பது' என்றால் தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து அகலமாக்குவது.) லாரி இன்ஜின் ஓடி ஓடித் தேயும். பாய்மரப் படகின் இன்ஜின் துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும் மட்டும்தான் ஓடும், மீதி நாளெல்லாம் உள்ளே உப்புத் தண்ணீரோடு சும்மா கிடக்கும். அதனால் அது தேய்ந்து போவதை விட அரித்துப் போவதே அதிகம். தண்ணீர் போகும் வழியை முதலில் பார்த்து, பிஸ்டனைக் கடைசியில் பார்ப்பதுதான் சரியான வரிசை.

கீழே சொல்வதெல்லாம் யான்மார் 2ஜிஎம்20 என்ற டீசல் இன்ஜினை மனதில் வைத்து. இரண்டு சிலிண்டர், போர் 75 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ., 636 சி.சி. கியர் பாக்ஸோடு நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். கடல் தண்ணீரையே நேராக பிளாக்குக்குள் சுற்றவிடும் ரகம் இது. பெயர்ப் பலகையில் கடைசியில் 'எஃப்' இருந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல் தண்ணீரால் நன்னீரைக் குளிர்விக்கும் பாகம்) வைத்த நன்னீர் ரகம், அதற்குப் பாதித் தலைவலி குறைவு. வேறு பிராண்ட் என்றால் அளவுகள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

புதுச்சேரியில் தேங்காய்திட்டு முகத்துவாரமானாலும், கடலூர் முதுநகர் முகத்துவாரமானாலும் மணல் அடைத்துக்கொண்டே இருக்கும். அலை உடையும் இடத்தில் பாயை நம்பி உள்ளே வர முடியாது. இன்ஜின் நின்றால் படகு மணலில்தான். எனவே 'ஓடுது, போதும்' என்ற நிலையில் விட்டுவைப்பது இந்தக் கரைக்குச் சரிப்படாது.

எப்போது இறக்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் இன்ஜின் வேலைக்கு வரும். லேத்காரர், பம்ப் சர்வீஸ்காரர், செயின் பிளாக் வைத்திருக்கும் ஆட்கள் யாரும் சின்ன இரண்டு சிலிண்டருக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பிரித்துப் போட்ட பாகங்கள் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். ஜனவரி, பிப்ரவரிதான் தோது.

இறக்கும் முன் சில சோதனைகள். முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் 3400, 3600 ஆர்.பி.எம். எட்டாமல் கறுப்புப் புகை தள்ளினால், இன்ஜினை விட்டுவிட்டு எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றுங்கள். சூடான புகையும் கடல் தண்ணீரும் கலக்கும் இடம் அது. கரியும் உப்பும் சேர்ந்து, விரல் நுழைய வேண்டிய துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். புரொபல்லரில் சிப்பி ஒட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான். 'இன்ஜின் போச்சு' என்று தீர்ப்பு எழுதப்பட்ட படகுகளில் கணிசமானவை எல்போ மாற்றியதும் ஓடுபவை. எல்போவை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் சுவர் மெலிந்துவிட்டது, சுரண்டிப் போட்டுப் பயனில்லை.

கம்ப்ரஷன் பார்க்கும்போது இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

இன்ஜின் சிக்கி நிற்கிறது என்றால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். டீசல் பீச்சும் நாசில் இரண்டையும் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்) ஆயிலும் சம அளவு கலந்து துவாரம் வழியே விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். ஒரே பக்கமாக முரட்டுத்தனமாக இழுத்தால் ரிங் உடையும்.

இறக்கும் வேலையில் பேட்டரி நெகடிவ் முதலில். கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்வான சீகாக்கை மூடி, அதன் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டுங்கள், யாரும் தெரியாமல் திறக்காதிருக்க. வயர் ஒவ்வொன்றுக்கும் சீட்டு, கழற்றும் முன் போட்டோ. இன்ஜினைத் தாங்கும் நான்கு மவுண்டின் நட்டும் எந்த உயரத்தில் நிற்கிறது என்று வெர்னியரில் அளந்து எழுதிவையுங்கள், திரும்ப வைக்கும்போது அலைன்மென்ட் (இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பது) பாதி அங்கேயே முடிந்துவிடும்.

படகு தண்ணீரில் இருக்கும்போதே, இன்ஜினையும் புரொபல்லர் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: கப்ளிங்கையும் எடுத்துவிட்ட ஷாஃப்ட் பின்னால் நழுவி ஸ்டர்ன் ட்யூபை (ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் குழாய்) விட்டே வெளியே போகலாம். பிறகு 25 மி.மீ. ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரும். தண்ணீர் புகாமல் அடைக்கும் கிளாண்டுக்கு முன்னால் ஷாஃப்ட்டில் இரண்டு ஹோஸ் கிளிப்பை இறுக்கி வைத்தால் அது அதற்கு மேல் நகராது.

தூக்குவதற்கு அரை டன் செயின் பிளாக் தாராளம். அதைப் பாயின் அடிமரமான பூமில் மாட்டினால், மாட்டிய இடத்துக்கு நேர் கீழே கேபின் தரையிலிருந்து ஒரு கனத்த மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். பாய் ஏற்றும் கயிற்றை மட்டும் நம்பிப் பூமைத் தொங்கவிட்டால், இன்ஜின் பக்கவாட்டில் நகரும்போது பூம் அதன் பின்னாலேயே ஓடும். ஆல்டர்நேட்டர், எல்போ, ஸ்டார்ட்டர் மூன்றையும் முன்பே கழற்றிவிட்டால் எடை குறைவதோடு படிக்கட்டு வாசலில் இடிக்கவும் இடிக்காது. நம் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் ஏறி இறங்கும், ஆகவே மேடையின் உயரத்துக்குப் படகு தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் விசைப்படகு போகும்போது எழும் அலைதான் ஆபத்து. அதிகாலையில், படகுகள் கடலுக்குப் போன பிறகு தூக்குங்கள்.

பிரிக்கும்போது ஹெட் நட்டுகளை வெளியிலிருந்து உள்நோக்கி, இரண்டு மூன்று சுற்றில் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே. நட்டு வந்தாலும் ஹெட் வராது, ஸ்டட்டைச் சுற்றிய துளைகளில் துரு வீங்கிப் பிடித்திருக்கும். பேக்கிங் இடுக்கில் உளியைச் செருகாதீர்கள், அந்த ஒரு கீறலுக்கு ஹெட், பிளாக் இரண்டையும் பேஸிங் போட (முகத்தைச் சமமாகக் கடைய) வேண்டிவரும். துரு இளக்கும் ஆயிலை ஸ்டட் தலையில் தினமும் விட்டு, ஹெட்டின் ஓரங்களில் மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே இருந்தால் இளகும். பொறுமைக்கு மாற்று இல்லாத இடம் இது.

ஃபியூல் பம்பை எடுக்கும்போது அதன் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எத்தனை இருந்ததோ அத்தனையும் அப்படியே திரும்பப் போக வேண்டும். இன்ஜெக்‌ஷன் டைமிங் அவற்றில்தான் இருக்கிறது. திரும்ப மாட்டும்போது பம்பின் ரேக் முனை (டீசல் அளவைக் கூட்டிக் குறைப்பது) வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் லீவரின் கவட்டைக்குள் உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உட்காராவிட்டால் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், ஸ்டாப் கேபிளும் வேலை செய்யாது. முதல் ஸ்டார்ட்டின்போது காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டோடு ஒருவர் நிற்பது நல்லது. கையால் அடைக்கக் கூடாது.

இப்போது தண்ணீர் வழி. பிளாக், ஹெட் இரண்டின் உள்ளேயும் துருவும் சுண்ணாம்பும் கெட்டியாகப் படிந்திருக்கும். கம்பியால் சுரண்டியெடுத்த பின், வீடு கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி வைக்கலாம். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. திறந்த வெளியில், கையுறை, கண்ணாடியோடு. நுரைப்பது நின்றதும் கொட்டிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உடனே காயவைத்து ஆயில் பூசுங்கள். வார்ப்பிரும்பு கொஞ்ச நேரம் தாங்கும். அலுமினியத்தை அந்த ஆசிட் தின்றுவிடும், எனவே தெர்மோஸ்டாட் மூடி போன்ற அலுமினியப் பாகங்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

அடுத்ததாக ப்ரெஷர் டெஸ்ட். போர் அடிப்பதற்கு முன்னால், பின்னால் அல்ல. தண்ணீர் துவாரங்களைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, சதுர செ.மீ.க்கு இரண்டு கிலோ அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, சிலிண்டர் சுவரில் வியர்வை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உப்பு அரித்து மெலிந்த சுவரைப் பார்க்காமல் போர் அடித்து, புது பிஸ்டனும் வாங்கிய பிறகு ஓட்டை தெரிந்தால் அத்தனை பணமும் வீண். பட்டறைகளில் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, தானாக யாரும் செய்வதில்லை.

தெர்மோஸ்டாட் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. கடல் தண்ணீர் ரகத்தில் அது 42 டிகிரியில் திறக்கத் தொடங்கி 52-ல் முழுதாகத் திறக்கும். கடல் தண்ணீர் அதிகம் சூடானால் அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் சுவரில் படியும், அதற்காகத்தான் இவ்வளவு குறைவு. கிடைக்கவில்லை என்று 82 டிகிரி கார் தெர்மோஸ்டாட்டைப் போட்டால் கழுவிய வழியெல்லாம் மறுபடி அடைத்துக்கொள்ளும். துத்தநாக அனோடின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிளாக்கோடு உலோகத் தொடர்பு இருந்தால்தான் அது இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும். நம் கடல் தண்ணீர் வெதுவெதுப்பானது, அரிப்பும் வேகம். பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும். தண்ணீர் பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அங்கே சொட்டினால் சீல் போய்விட்டது என்று பொருள். அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்திருப்பதைப் பல படகுகளில் பார்க்கலாம், அப்போது உப்புத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பேரிங்கைத் தின்னும். சீலும் பேரிங்கும் மேலே பொறித்த எண்ணைச் சொன்னால் சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும். ஹெட் பேக்கிங் மட்டும் ஒரிஜினல். மற்ற பேக்கிங்குகளை ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

மெஷின் வேலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். ஓவல் அதிகமில்லை என்றால் ஹோனிங் (உள்சுவரை உரைகல்லால் தேய்ப்பது) செய்து புது ரிங் போதும். ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் வைத்து வாயிடைவெளி 0.20 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கிறதா பாருங்கள். வால்வை லாப்பிங் (அது உட்காரும் இடத்தோடு அரைத்துப் பொருத்துவது) செய்தபின் ஹெட்டைக் கவிழ்த்து டீசல் ஊற்றி வையுங்கள், போர்ட் பக்கம் கசியக் கூடாது. நாசிலை டெஸ்டிங்குக்குக் கொடுக்கும்போது '170 கிலோ' (சதுர செ.மீ.க்கான அழுத்தம்) என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் டிராக்டர் நாசில் என்று நினைத்து 200-க்கு மேல் வைத்துவிடுவார்கள். ஹெட்டின் பெரிய நட்டுகளுக்கு 12 கிலோகிராம்-மீட்டர் டார்க் (இறுக்கும் முறுக்கு), நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று மூன்று சுற்றில். டேப்பட் (வால்வு இடைவெளி) இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் குளிர்ந்த நிலையில் 0.20 மி.மீ.

கியர் பாக்ஸ் கூம்பு கிளட்ச் ரகம். அதற்கு இன்ஜின் ஆயில்தான், சுமார் 300 மில்லி. வழுக்கல் சேர்க்கும் மருந்து எதையும் ஊற்றினால் கிளட்ச் பிடிக்காது.

முதல் ஸ்டார்ட்டில்தான் புது இன்ஜின் பலவும் கெடுகின்றன. டீசல் லைனில் காற்றை எடுக்க வெகுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றுவார்கள். சுற்றும்போதெல்லாம் பம்ப் தண்ணீரை இழுத்து மஃப்ளரை நிரப்பும். புகை வராததால் அதை வெளியே தள்ள ஆளில்லை. நிரம்பிய தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். எனவே காற்று எடுக்கும்வரை சீகாக் மூடியே இருக்கட்டும். இன்ஜின் பிடித்த உடனே, சில விநாடிக்குள், திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழியும். இன்ஜின் நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தால், தண்ணீர்க் குழாயின் வளைவு நீர்மட்டத்திலிருந்து ஓரடி மேலே ஏறி, உச்சியில் காற்று வால்வு இருக்க வேண்டும். அந்தச் சின்ன வால்வில் உப்பு அடைத்தால், இன்ஜின் நின்ற பிறகும் கடல் சைபனாக உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

அலைன்மென்ட்டைக் கரையில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படகு தண்ணீரில் மிதந்து, பாய்மரக் கம்பிகள் இறுகிய பிறகு உடம்பு கொஞ்சம் வளையும். ஓரிரு நாள் மிதக்கவிட்டு, கப்ளிங் இரண்டு முகத்துக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். 100 மி.மீ. கப்ளிங்குக்கு வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வர வேண்டும். பிறகு ஷாஃப்ட்டை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும். அகன்ற இடைவெளி ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றினால், மவுண்ட்டை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் சரியாகாது. கப்ளிங்கோ ஷாஃப்ட்டோ வளைந்திருக்கிறது, லேத்துக்குப் போக வேண்டும்.

ஹோனிங் செய்த சிலிண்டரை ஐடிலில் மணிக்கணக்காக ஓட்டி 'பதப்படுத்த' வேண்டாம். லோடு இல்லாமல் ஓடினால் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும். சூடு ஏறியதும் கியர் போட்டு, முக்கால் வேகம் வரை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றம், 50-ல் ஹெட் டார்க்கும் டேப்பட்டும் மறுபடி. மவுண்ட் ரப்பர் அதற்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அன்றைக்கே கப்ளிங்கையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.