புதுச்சேரியில் ஒரு ரெட்ரோ காக்டெய்ல் லவுஞ்சை வடிவமைத்த அனுபவம்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, தடித்த சுண்ணாம்புச் சுவர்களும் மரச்சட்டங்களின் மேல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டும் மெட்ராஸ் ஒட்டுக் கூரையும் கொண்ட ஒரு பழைய வீட்டை, ரெட்ரோ எனப்படும் பழைய காலப் பாணியில் காக்டெய்ல் லவுஞ்சாக மாற்றும் பணி என்னிடம் வந்தது. உரிமையாளர் காட்டிய படங்களில் எல்லாம் நியான் விளக்குகளும் அமெரிக்க உணவகங்களின் கறுப்பு வெள்ளைக் கட்டத் தரையுமே இருந்தன. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊருக்கு அந்தக் காலத்துச் சொந்த முகம் ஒன்று இருக்கும்போது வேறொரு நாட்டின் முகத்தை ஏன் கடன் வாங்க வேண்டும் என்று கேட்டேன். கட்டடக் கலைஞர் அன்தோனின் ரேமண்டு இதே ஊரில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக வடிவமைத்த கோல்கொண்ட் விடுதியின் அசையும் காற்றுத் தகடுகளைக் காட்டியதும் அவர் மனம் மாறினார். அந்தத் தகடுகளின் வரிசையையே தேக்கில் செய்து, மதுப் புட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் நிறுத்தி, உள்ளே 2200 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளியை வைத்தோம். சிவப்பு ஆக்சைடு தரையையும் பிரம்புப் பின்னல் நாற்காலிகளையும் அப்படியே காத்தோம். சுவருக்கு எமல்ஷன் பெயிண்ட் அடிக்க நான் சம்மதிக்கவில்லை, ஏனெனில் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும், அடைத்துவிட்டால் பூச்சு உப்பி உதிரும்.

கவுண்டரின் உயரம் 42 அங்குலம். கடற்காற்றில் பித்தளை கறுக்கும் என்று மேஸ்திரி எச்சரித்தும் கைப்பிடிக் கம்பியைப் பித்தளையிலேயே போட்டோம். தினமும் கைபடும் இடம் தானாகவே மெருகேறும் என்பது என் நம்பிக்கை.

உண்மையான உழைப்பு ஒலியில்தான் இருந்தது. சுண்ணாம்புச் சுவரும் வழவழப்பான தரையும் சத்தத்தை எதிரொலித்துக்கொண்டே இருக்கும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால், முற்றத்தில் இசை வேண்டும் என்ற ஆசையை உரிமையாளர் கைவிட்டார். உள்ளறையில் ஒலிபெருக்கிகளைச் சோதித்த மாலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலுக்கு வந்தார்.

"பாட்டு கேக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, அந்த டொம் டொம்னு அடிக்கறதுதான் நெஞ்சுல வந்து இடிக்குது."

அவர் சொன்னது மிகச் சரி. உயர்ந்த சுருதிகளைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த அதிர்வுகளோ கட்டடத்தின் உடல் வழியாகவே பயணம் செய்யும். ஆகவே, பழைய சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டு, ராக்வூல் என்னும் ஒலியை உறிஞ்சும் கல்லிழைப் பஞ்சு நிரப்பிய இரண்டாம் சுவரை எழுப்பினோம். ஒலிபெருக்கிகளின் அடியில் ரப்பர் மெத்தைகளை வைத்தோம். ஒன்று மூடிய பின்னரே மற்றது திறக்கும்படி நுழைவாயிலில் இரு கதவுகளை அமைத்தோம். பிறகு பாட்டியின் கூடத்தில் ஒலி அளக்கும் மீட்டரோடு அமர்ந்து, குடியிருப்புப் பகுதிக்கான இரவு வரம்பான 45 டெசிபலுக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டே வேலையை முடித்தேன்.

இசைத்தட்டுக் கருவிக்கும் அதே அக்கறை தேவைப்பட்டது. நடனமாடுபவர்களின் காலடி அதிர்வில் ஊசி துள்ளாதிருக்க, அதைத் தரையில் நிற்கும் மேசையில் வைக்காமல், கனத்த சுவரில் பதித்த கருங்கல் பலகையின்மேல் வைத்தோம். கலால் உரிமத்தையும் தீயணைப்புச் சான்றையும் உரிமையாளரே பார்த்துக்கொண்டார். பின்பக்க வழியை அவசர வெளியேற்றமாக ஒதுக்கி, அங்கே எந்த மேசையும் வராதபடி வரைபடத்தில் குறித்துக் கொடுத்தேன்.